மூக்கைத் தூக்கும் டட்சன்

உள்ளங்கையால் டட்சன் காரின் மூக்கை அழுத்திச் சட்டென்று விட்டுவிட்டு, தலையைச் சரித்துப் பார்க்கிறார் இராஜநாயகம். கார் எழும்புகிறது. திருப்தியில்லை. "சீ, சோம்பேறி!" என்று வைதபடி, முன் சில்லின் அதிர்வைத் தாங்கும் சொக் அப்சோபரைத் திரும்பவும் கழற்றக் காருக்கடியில் படுக்கிறார்.

வெள்ளவத்தையில் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் கராஜ் வைத்திருக்கிறார். நெற்றியில் திருநீறு, அதன்மேல் கிறீஸ். நேர் ரோட்டில் கால் மைல் பறக்கும் பந்தயம்தான் அவருக்குப் பைத்தியம். புதுச் சொக் அப்சோபர் அவருக்கு ஆகாது, விறைப்பாம். பழைய வான்களில் கழற்றியவற்றை இழுத்தும் அமத்தியும் பார்த்தே பொறுக்குவார். எண்ணெயை மாற்றி இளக்குவார். "மூக்கு ஏறேக்கை பஞ்சாய் ஏறவேணும். இறங்கேக்கை, விருந்துக்கு வந்த மச்சான் படியிறங்கிற மாதிரி, மனமில்லாமல் இறங்கவேணும்" என்பார். மூக்கு எழும்பினால்தானே பாரம் பின் சில்லில் விழும், சில்லு ரோட்டைக் கவ்வும்.

வில்லங்கமும் அங்கேதான். சண்டைக்காலம். பின்பக்கம் பதிகிற காரைக் கண்டால் சோதனைச் சாவடியில் நிற்பவனுக்கு வெடிமருந்துதான் நினைவு. இவருடைய காரோ புறப்படும்போதெல்லாம் பதியும். உடனே விசில். திரும்ப டிக்கியைத் திறக்கவேண்டும்.

"இஞ்சேருங்கோ, போய்ச் சேருமட்டும் சொக் அப்சோபரை இறுக்கிப்போட்டுப் போவமே" என்று மனைவி பாலேஸ்வரி கெஞ்சினாள். "உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனால் நான் ஆரிட்டைப் போய் நிக்கிறது?"

"களவெடுத்தனானே, பதுங்கிப் போக? முருகன் பாத்துக்கொள்ளுவார்."

"அவர் மயிலிலையெல்லோ போறார். அவரை ஆர் மறிக்கிறது?"

போன ஞாயிறு பந்தயம். கல்கிசைச் சாவடியில் மறித்தார்கள். டிக்கிக்குள் ஒரு ஜாக்கி, பந்தயத்துக்கு முன் உடைக்க ஒரு தேங்காய். போகச் சொன்னார்கள். கிளட்சை விட்டார், மூக்கு எழும்பியது, விசில். திறந்து காட்டினார். மறுபடி புறப்பட்டார். மறுபடி விசில். இந்தமுறை சிப்பாயின் துவக்கும் குறிபார்த்து நிமிர்ந்தது.

"மெல்ல எடுங்கோவன்!" பக்கத்தில் இருந்த பாலேஸ்வரி அவரின் கையைப் பிடித்தாள்.

"இன்னும் எத்தினை சாவடி கிடக்கு? இப்பிடியே போனால் பந்தயம் முடிஞ்சிடும்."

ஸ்பனரோடு இறங்கினார். சிப்பாய்கள் வாய்பார்த்து நிற்க, டிக்கி மூடியைப் ஆணி ஆணியாய்க் கழற்றினார்.

"ஐயோ, என்னப்பா செய்யிறியள்?"

"வழிநெடுகப் பாக்கட்டும்."

மூடியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாவடியின் மண்மூட்டையில் பக்குவமாய்ச் சாய்த்துவைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, வழக்கத்திலும் பார்க்க அழுத்தி மிதித்தார்.