ஆடியது என் கையல்ல

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எங்கள் அறை தரையில் இல்லை. உற்பத்தி லைனுக்கு மேலே இரும்புத் தூண்களில் போட்ட மேடையில் இருந்தது. அதே மேடையின் உத்தரத்தில்தான் தூசி உறிஞ்சும் பெரிய ஃபேனையும் பூட்டியிருந்தார்கள். அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். மேடை லேசாக அதிரும், அவ்வளவுதான்.

பிறகு கரண்ட் மிச்சம் என்று ஃபேனின் வேகத்தைக் குறைத்தார்கள். அன்றே நான் பாகங்களை அளக்கும் டயல் கேஜின் முள் நிலைகொள்ளாமல் துடிக்க ஆரம்பித்தது. ஒரே பாகத்தை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு. நான் பாஸ் செய்த பெட்டி ஒன்று திரும்பி வந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "கை நடுங்குதாம்மா? காலைல சாப்பிட்டியா?"

"கை இல்ல சார். ஃபேன் வேகத்த குறைச்சதுல இருந்து மேடை ஆடுது."

"வேகத்த குறைச்சா ஆட்டம் எப்படிம்மா அதிகமாகும்?"

சொன்னேன். ஒவ்வொரு இரும்புச் சட்டத்துக்கும் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. ஃபேன் தருகிற தள்ளலும் அதே தாளத்தில் விழுந்தால் ஒவ்வொரு தள்ளலும் முந்தைய ஆட்டத்தோடு சேரும். அதை உறிஞ்ச ஒன்றும் இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். டிப்ளமோவில் படித்து எழுதிப் பாஸ் செய்த பாடம். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "நீ போய் கண்ணை செக் பண்ணிட்டு வா" என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கண்ணில் குறை இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கொடுத்த அன்றே என் கையில் மெமோ கொடுத்தார்கள்: 'கவனக்குறைவு'. திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து வாங்கிய முதல் கெட்ட பெயர் அது. பஸ்ஸில் நான் தங்கியிருந்த சுங்குவார்சத்திரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெயின்டனன்ஸில் ஓர் அண்ணன் இருந்தார், ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவரும் முதலில் நம்பவில்லை. "இன்னாம்மா, வேகமா சுத்தசொல்லோ ஆடல, மெதுவா சுத்தசொல்லோ ஆடுதுன்றியே?"

"நான் சொல்லுதத நம்ப வேண்டாம்ணே. நீங்களே திருப்பிப் பாருங்க."

சாப்பாட்டு இடைவேளையில் லைன் நின்றதும் அவர் ஃபேனின் வேகத்தை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நான் முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். முதலில் அமைதி; பிறகு துடிப்பு; கரண்ட் மிச்சத்துக்காக வைத்த அந்த வேகத்தில் முள்ளையே பார்க்க முடியவில்லை. தாண்டியதும் அடங்கியது. ஃபேனை நிறுத்தினார். அது ஓய்ந்து வரும்போதும் நடுவில் ஒருமுறை மேடை உதறிவிட்டுத்தான் நின்றது.

"அட, கரெக்டா அங்க வந்தாத்தான் உதறிகினு கீது" என்றார். அந்த வார்த்தைக்காகவே அழலாம் போலிருந்தது.

இருவரும் போய்ச் சொன்னதும் மேனேஜர் குறுக்குச் சட்டங்கள் வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். இறுகினால் மேடை ஆடும் வேகம் மேலே ஏறும், ஆட்டம் இடம் மாறும், வேறொன்றும் நடக்காது என்றேன். கேட்கவில்லை. வெல்டிங் முடிந்தது. குறைத்த வேகத்தில் மேடை அமைதியாக இருந்தது. தூசி கூடி ஃபேனை முழு வேகத்தில் போட்ட அன்று, மேஜையில் இருந்த பேனா நகர்ந்து கீழே விழுந்தது.

"பாத்தியா, உன் கணக்கு தப்பு" என்றார் மேனேஜர்.

என் கணக்கா? நான் சொன்னபடியேதான் ஆட்டம் இடம் மாறியிருந்தது. ஷாக் அப்சர்பர் செத்த எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் வாங்க சார், ஒரு வேகத்தடை தாண்டினா அடுத்த ஸ்டாப் வரைக்கும் குதிக்கும், அப்பப் புரியும் என்று சொல்ல நினைத்தேன். ஆட்டத்தை உறிஞ்ச ரப்பர் வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பர்ச்சேஸில் அந்தத் தாள் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் அந்த அண்ணன் ஸ்கிராப்பில் கிடந்த பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டினார். உத்தரத்தின் அடியில் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் இரும்புப் பட்டையையும் ஒட்டி இறுக்கினார். உத்தரம் வளையும்போதெல்லாம் நடுவில் ரப்பர் கசங்கி ஆட்டத்தைத் தின்னும். மறுபடி வேகத்தை ஏற்றிப் பார்த்தோம். மற்ற வேகங்களில் பெரிய மாற்றம் இல்லை. உதறிய அந்த இடத்தில் மட்டும் முள் லேசாக அசைந்து நின்றது. அளவு மூன்று முறையும் ஒன்றாக வந்தது.

மெமோவைத் திரும்பப் பெறக் கேட்டு ஹெச்.ஆருக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்லவர்தான். கம்ப்யூட்டரில் வெகுநேரம் தேடினார்.

"மெமோ குடுக்க ஃபார்மட் இருக்குங்க. வாபஸ் வாங்க ஃபார்மட் இல்லீங்களே" என்றார்.

வெள்ளைத் தாளில் நானே எழுதினேன். ரப்பர் ஒட்டும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும், கண் டாக்டரின் சீட்டையும் பின்னால் இணைத்தேன். அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "இத்த ஃபைல்ல வைங்க" என்று அவரே அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் வாங்கி, ஃபைலில் மெமோவுக்குப் பின்னால் வைத்துக் குத்தினார். மெமோ அப்படியே முன்னால் இருந்தது.