தினமும் விடுப்புக் கேட்ட கடிதம்

முதியோர் கல்வி நிலையத்தில் கணினி அறையைத் திறப்பது, பூட்டுவது, பாடங்களை ஏற்றிவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் இருப்பதால் எல்லோருக்கும் அவள் சாவி அக்கா.

அங்குள்ள பாட மென்பொருளில் முன்பெல்லாம் அதற்கென்றே செய்த பாடங்கள்தான் ஓடும். இப்போது கடிதம், மருந்துச் சீட்டு, பேருந்து அட்டவணை என்று எந்தக் கோப்பைப் போட்டாலும் அப்படியே திறக்கிறது.

"நிஜமான காகிதத்துல படிச்சாத்தான் வெளியில உதவும். வீட்டுல இருக்கறதைக் கொண்டாங்க," என்றார் டீச்சர்.

சாவி அக்கா வீட்டுக் கணினியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஏற்றினாள். என்ன ஏது என்று பார்க்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் வகுப்பில் பன்னிரண்டு திரைகளிலும் அவள் கணவர் விடுப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். 'காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.' கீழே அவர் பெயர். மேலே அன்றைய தேதி.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

"என்னைக்குத் திறந்தாலும் அன்னிக்குத் தேதியே விழற மாதிரி வச்சிருக்கார்க்கா. நிறையப் பேர் செய்யறதுதான்," என்று டீச்சர் ஆறுதலாகச் சொன்னார். "எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும் டீச்சர்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. "ஜுரம்தானே, மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வாங்க," என்று வாசல்வரை கொண்டுவிட்டவள் அவள். அன்றே, வேலை பார்த்த கிடங்கிலேயே சாய்ந்துவிட்டார். இதைக் கடவுளிடம் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அன்று முதல் தினமும் காலையில் அறையைத் திறந்து திரைகளுக்கு உயிர் கொடுத்ததும், அவர் புதிதாகக் கேட்டார். திங்களன்று கேட்டார். செவ்வாயன்றும் கேட்டார். ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவே நின்று, 'ஆண்டவனே, இவருக்கு யாராவது ஒரு பதில் சொல்லக் கூடாதா' என்று மனசுக்குள் அழுதாள்.

வெள்ளிக்கிழமைப் பாடம், மேலாளர் இடத்தில் இருந்து அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது. சலவைக்கடையில் வேலை பார்க்கும் அம்மா ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சாவி அக்கா, சரியான்னு பாருங்க."

'விடுப்பு கிடையாது. வேலைக்கு வரவும்.'

"எங்க முதலாளி சொல்றதுதான்! இத்தனை வருஷம் காதுல வாங்கினது இன்னிக்குத்தான் கையில வந்துச்சு."

"அடேயப்பா, மேனேஜரம்மா ரொம்பக் கறார்!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேலி செய்ய, வகுப்பே சிரித்தது.

சாவி அக்கா நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

"குடுத்துடுங்கம்மா. அவருக்கு நிஜமாவே முடியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர். நான்தான் போங்கன்னு அனுப்பிவச்சேன்."

சலவைக்கடை அம்மா திரைப் பக்கம் திரும்பினாள். எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பிறகு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எத்தனை நாள்னு போடட்டும்க்கா? ரெண்டுதான் கேட்டிருக்கார்," என்றாள்.

"நாள் போடாதீங்கம்மா," என்றாள் சாவி அக்கா. "உடம்பு தேறினதும் வந்தாப் போதும்னு எழுதுங்க."