வீராயி கூப்பிட்ட குரல்

பஞ்சாயத்துத் தலைவர் ரெங்கம்மாள் தன் வீட்டுப் படியேறி வருவார் என்று வீராயி கனவில்கூட நினைத்ததில்லை. வந்தவர் வாசலோடு நிற்கவில்லை. உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கொடுத்த டீயை மீதி வைக்காமல் குடித்தார். பின்பக்கக் கொட்டகையில் பன்றிகள் காலைத் தீவனத்துக்காகக் கத்திக்கொண்டிருந்ததால் அவர் பேசியதில் பாதி வீராயியின் காதில் விழவில்லை.

"மாட்டுப் பொங்கலன்னிக்கி வருஷா வருஷம் மாடு வச்சிருக்கறவங்களுக்குத்தான் மேடையில மரியாதை பண்றோம். இந்த வருஷம் உங்க குடும்பத்துக்குப் பண்றதா முடிவாயிருக்கு. நம்ம கால்நடை டாக்டர் கலையரசன்தான் சொன்னாரு. தலைமுறை தலைமுறையா ஒரே தொழில், இப்படி இன்னொரு வீடு இந்தப் பக்கம் கெடையாதுன்னாரு. ரெண்டு பேரும் வந்துரணும்."

வீராயியின் புருஷன் நல்லுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்களுக்காங்க?" என்றார். ரெங்கம்மாள் சிரித்தார். "எங்கப்பா பேரையும் சொல்லுவீங்களா?" என்று நல்லுசாமி மறுபடி கேட்டார். சொல்லுவோம் என்றார் ரெங்கம்மாள்.

அன்றைக்கே நல்லுசாமி பஸ் ஏறி டவுனில் இருக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பட்டுக்கரை வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று அவர் துணி எடுத்து வந்ததை வீராயி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரியமங்கலம் பட்டறைகளைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் சின்ன ஊர் பூவாளிப்பட்டி. நல்லுசாமியின் அப்பா சடையன் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் சில கறுப்புப் பன்றிகளோடு வந்து இறங்கியவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கறிக்காக வீட்டுக்குப் பின்னால் ஊரே வந்து நிற்கும். அதே ஊர் கல்யாணப் பந்தலில் சடையனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கும். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். சடையன் இதையெல்லாம் பேசி வீராயி கேட்டதில்லை. நல்லுசாமி மட்டும் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த வீராயிக்கு முதல் வாரம் முழுக்க நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. பிறந்த வீட்டுக்கே ஓடிவிடலாம் என்றிருந்தது. அப்போதுதான் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டது. மழை விடாமல் கொட்டிய நாள் அது. ஆண்கள் இருவரும் தவிடு வாங்கப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வீராயி உள்ளே இறங்கினாள். வழுக்கி விழுந்த குட்டிகளைத் துடைத்துத் துடைத்துத் தாயின் மடியில் விட்டாள். நனைந்து விறைத்துப்போன ஒன்றைத் தன் முந்தானைக்குள் வைத்துச் சூடேற்றினாள். ஆண்கள் திரும்பி வந்தபோது அவள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, அந்தக் குட்டி பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஓடிப்போகும் எண்ணம் அவள் மனசில் வரவில்லை.

காலம் மாறியது. சடையன் இறந்துபோனார். கறுப்புப் பன்றிகள் போய் வெள்ளைப் பன்றிகள் வந்தன. நல்லுசாமி அரசாங்கப் பயிற்சிக்குப் போய்வந்து சிமென்ட் தரை போட்டார், தண்ணீர்க் குழாய் இழுத்தார். கொட்டகைக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்த நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி கட்டினார். பகலில் பன்றிகள் அதற்குள் மேயும், சேற்றில் புரளும். பொழுது சாய்ந்தால் வீராயி வேலியோரம் நின்று கூப்பிடுவாள்.

"ஊ...ய்! தா, தா, தா, தா!"

அடிவயிற்றிலிருந்து கிளம்பி வாய்க்காலைத் தாண்டி ஊருக்குள்ளும் கேட்கும் குரல். முள்ளுக்குள் எங்கே படுத்துக் கிடந்தாலும் பன்றிகள் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். முதலில் வருவது எப்போதும் செவத்திதான். முதுகில் செம்பட்டை மயிர் உள்ள பெரிய தாய்ப்பன்றி. வந்ததும் வீராயியின் முழங்காலில் மூக்கை வைத்து இடிக்கும். ஊர்ப் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் உலை வைப்போம் என்று சொல்வார்கள். நல்லுசாமி கூப்பிட்டால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. அதைச் சொல்லிச் சொல்லி மகள் அனுசுயா சிறு வயதில் அப்பாவைக் கேலி செய்வாள்.

பொங்கலுக்குச் சில வாரம் இருக்கும்போது பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் பன்றிகள் திடீர் திடீரென்று செத்துவிழுந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் வந்தது. மனுஷருக்கு ஒட்டாது, பன்றிக்கு மருந்து கிடையாது என்று டிவியில் சொன்னார்கள். நல்லுசாமி கொட்டகை வாசலில் சுண்ணாம்பு கொட்டினார். வெளியாட்களை உள்ளே விடவில்லை. தீவனமாகப் போட்டுவந்த ஹோட்டல் மிச்சத்தை நிறுத்திவிட்டுத் தவிட்டை மட்டும் காய்ச்சிப் போட்டார்.

டாக்டர் கலையரசன் மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினார். இளவயசுக்காரர். வழக்கமாக வந்ததும் "அம்மா, டீ" என்று கேட்கிறவர் அன்று கேட்கவில்லை.

"உங்க பன்னிங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு, நல்லாருக்கு."

"அப்புறம் ஏன் தம்பி மூஞ்சி இப்படி இருக்கு?"

"நோய் வந்த எடத்துலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரு பன்னியும் இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. உங்க கொட்டாய் அதுக்குள்ள வருது."

நல்லுசாமிக்குப் புரியவில்லை. நோயில்லாத பன்றியை எதற்குக் கொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கலையரசன் பொறுமையாக விளக்கினார். நோய் இந்த ஊரோடு நிற்காவிட்டால் காவிரிக்கு இந்தப் பக்கம் ஒரு பண்ணையும் மிஞ்சாது என்றார். கடைசியில், "நானே வர்றேன் சார். வேற யாரையும் விட மாட்டேன். வலி தெரியாம முடிச்சிர்றேன்" என்றார்.

மறுநாள் காலையில் கலையரசனோடு கால்நடைத் துறை ஆட்கள் வந்தார்கள். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு, முகத்தில் கண்ணாடி. வாய்க்கால் பக்கம் ஜேசிபி பள்ளம் தோண்டியது. அந்தச் சத்தமும் பழகாத உருவங்களும் சேர்ந்து பன்றிகளை மிரட்டிவிட்டன. அடைப்புக் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு மொத்தமும் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தன. வெள்ளை உடுப்புக்காரர்கள் கயிற்றோடு முள்ளுக்குள் நுழைந்து நுழைந்து திரும்பினார்கள். விரட்ட விரட்ட அவை இன்னும் உள்ளே போயின. ஒரு குட்டி கம்பிவேலியில் மாட்டிக் கிழிபட்டு அலறியது.

கலையரசன் முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வீராயியிடம் வந்தார். அவள் சமையற்கட்டு வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இப்படித் துரத்துனா எல்லாம் அடிபட்டு, கிழிபட்டுச் சாகும். நீங்க கூப்பிட்டா வந்துரும்."

வீராயி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் கேக்கக் கூடாதுதான். வேற வழி தெரியலம்மா."

குட்டி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நல்லுசாமி, "போகாத வீராயி" என்றார். அவள் எழுந்தாள். தீவன வாளியில் தவிட்டைப் போட்டுக் கரைத்தாள், கொஞ்சம் வெல்லமும் போட்டாள். வேலியோரம் போய் நின்று கூப்பிட்டாள்.

செவத்திதான் முதலில் வந்தது. முழங்காலில் இடித்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. வேலியில் மாட்டிய குட்டியை ஆட்கள் எடுத்துவிட, அதுவும் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, அவை அடைப்புக்குள் போயின. வாய் நிறையத் தவிடு இருக்கும்போதே செவத்திக்கு ஊசி போட்டார்கள். அது வீராயியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வாளிக்குள் தலையை விட்டது. கடைசிக் குட்டி வரைக்கும் வீராயி அங்கேயே நின்றாள். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. வேட்டி கவர் பிரிக்காமலே கிடந்தது. "இனி என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு? போக வேணாம்" என்றார் நல்லுசாமி. வீராயிதான் கேட்கவில்லை.

"மாமா பேரைச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. மைக்குல அவர் பேரு வரும். அதுக்காச்சும் நீங்க போயி உக்காரணும்."

ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த அனுசுயா அன்று காலையிலேயே வந்துவிட்டாள். அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். மூவரும் நடந்தே மேடைக்குப் போனார்கள்.

ரெங்கம்மாள் நன்றாகத்தான் பேசினார். சடையன் பெயரைச் சொன்னார். இந்த ஊர் அவரைச் சரியாக நடத்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். கூட்டம் கை தட்டியது. நல்லுசாமிக்குப் பொன்னாடை போர்த்தும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்குவதைப் பக்கத்திலிருந்த வீராயி மட்டும் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மைக் பிடித்திருந்த ஆள் கெட்டவன் இல்லை. கூட்டத்தைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று நினைத்துவிட்டான். "நம்ம வீராயம்மா குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு! ஊருக்கே தெரிஞ்ச குரல்! ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கம்மா!" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினான். சிலர் விசிலடித்தார்கள்.

வீராயி வாயைத் திறந்தாள். மரியாதை செய்கிறவர்கள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்று நினைத்தாள். நெஞ்சில் மூச்சு நிறைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். மைக்கில் மூச்சு இரைவது மட்டும் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

நல்லுசாமி எழுந்து மைக்கை வாங்கினார். வாழ்நாளில் அவர் மைக்கில் பேசியதில்லை.

"போதும்ங்க. அவ கூப்பிட்டா வர்றதுக்கு இப்ப அங்க ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அனுசுயா மேடையேறி அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.

பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் கலையரசன் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வீராயியைக் கண்டதும் கையைக் கூப்பினார்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நான்தான் உங்களை அப்படிக் கேட்டேன்."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. உங்க வேலை அது."

"இல்லம்மா..."

"அதுங்க உங்களைப் பார்த்து ஓடுச்சு. என்னைப் பார்த்துத்தான் வந்துச்சு. கூப்பிட்டது நான்." அவள் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு முகம் கழுவினாள். "நீங்க சாப்ட்டீங்களா? பந்தி போட்டிருக்காங்க, போய் உக்காருங்க."

அவர் சாப்பிடாமலே போய்விட்டார். சில மாதத்தில் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டார்கள்.

அனுசுயா அம்மாவைத் தன்னோடு ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். கொஞ்ச நாள் இருந்தால் மனசு மாறும் என்று நினைத்தாள். மாடியில் சின்ன வீடு. வீராயி காலையில் பேரப்பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் பேச்சுவாக்கில், "ஊர்ல உங்களுக்கு என்ன விவசாயம்?" என்று கேட்டார். வீராயி மகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அனுசுயா அந்தத் தெருவில் வாழைத்தோட்டம் என்றே சொல்லியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தோட்டம் இல்ல மாமி, பன்னிப் பண்ணை" என்றாள் அனுசுயா. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து. நான் படிச்சதே அதுலதான்." கீழ்வீட்டு அம்மாள் சும்மா தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் குறைவாகப் பேசினார். அனுசுயா அதைப் பொருட்படுத்தவில்லை. வீராயிதான் தாங்கமுடியாமல், "நான் ஊருக்குப் போறேன்டி. அப்பா ஒண்டியா இருக்காரு" என்று பையைக் கட்டினாள்.

கோடை முடிவதற்குள் மறுபடி பன்றி வளர்க்கலாம் என்று அனுமதி வந்தது. புது டாக்டர் வந்து, அரசுப் பண்ணையில் நல்ல குட்டிகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லுசாமி அன்று முழுக்கக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உடைந்த கதவுக்குப் புதுக் கீல் போட்டார். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டே ரெண்டு வாங்கிப் பார்க்கலாமா?"

வீராயி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "வேணாங்க" என்றாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். நான் பார்த்துக்கறேன்."

"அது என்னைப் பார்த்து ஓடி வரும்ங்க. என்னால முடியாது."

நல்லுசாமி சோற்றைப் பிசைந்தார். அவருக்கு வேறு தொழில் தெரியாது, இனிக் கற்றுக்கொள்ளும் வயசும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆடி மாதத்தில் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் காவலுக்குப் போனார். கொட்டகைத் தகரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். சிமென்ட் தரையில் வீராயி இப்போது கூலிக்கு நெல் காயப்போடுகிறாள். வேலை இல்லாத நாளில் நல்லுசாமி அந்தத் தரையின் ஓரத்தில் வந்து உட்காருவார். அவளும் வந்து பக்கத்தில் உட்காருவாள். காக்கை விரட்ட ஒரு குச்சி வைத்திருப்பாள்.