பனவடலிசத்திரம் பக்கம் திருப்பிக் கட்டிய குழாய்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பேய், பிசாசு, ஆவி என்று எவனாவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். சங்கரன்கோவிலில் மைக்செட் கடை வைத்திருந்தவன். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குச் சுடுகாட்டுப் புளியமரத்தில் தனியாக ஏறிக் குழாய் கட்டியிருக்கிறேன், கூம்பு மாதிரி இருக்குமே அந்த ஒலிபெருக்கிதான், சாமியாடுகிறவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். உடம்பில் ஒரு மயிர்கூட நிமிர்ந்தது கிடையாது.

ஒரு தடவை பக்கத்துக் கிராமத்தில் மேடையில் யாருமே இல்லாதபோது குழாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்துவிட்டது. அம்மன் பேசிவிட்டாள் என்று ஊரே விழுந்து கும்பிட்டது. நான் போய் ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைத் தொட்டுக் காட்டினேன். அது சரியில்லை என்றால் ஏதாவது ரேடியோ ஸ்டேஷன் தானாக வந்து விழும், தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். "அம்மன் இல்ல வே, ரேடியோக்காரி வெங்காய வெல சொல்லுதா" என்றேன். அப்பேர்ப்பட்ட ஆள் நான். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெட்கம் அதற்கு மட்டும் இல்லை, அதுவும் வரும், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். திருநெல்வேலி ரோட்டில் செல்லத்துரை என்று ஒருவர் உரக்கடை வைத்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் சண்டை விமானம் ஓட்டியவர் அவர். நம்ப முடிகிறதா? எங்கள் ஊரும் நம்பவில்லை. யூரியா மூட்டையைத் தூக்கித் தராசில் வைக்கிற மனுஷன் ஏரோப்ளேன் ஓட்டினார் என்றால் எவன் நம்புவான்? எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓயவே ஓயாது. கரண்டு போனால் மட்டும் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அப்போதெல்லாம் செல்லத்துரை கடையைவிட்டு இறங்கி நடு ரோட்டில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "பாட்டையா, பிளேன் வருதா?" என்று போகிற வருகிறவன் எல்லாம் கேலி செய்வான். நானும் கேட்டிருக்கிறேன். ஏன் மறைக்க வேண்டும், ரெண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

மெட்ராஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரிய மிலிட்டரி ஆபீசர் அவரைக் கண்டதும் தெருவிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடித்ததற்குப் பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. அந்தக் காலத்தில் போர் விமானம் ஓட்டிய நம் ஜில்லாக்காரர்களில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான் என்று அந்த ஆபீசர் சொன்னாராம். உடனே ஜவுளிக்கடை பால்ராஜ் அண்ணாச்சி துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரில் எந்த விழா என்றாலும் அவர்தான் செயலாளர். சுதந்திர தினத்தன்று சாயங்காலம் போர் விமானிக்கு நன்றி விழா என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. மைக்செட் நான்.

விழாவுக்கு முந்தின நாள் செல்லத்துரை என் கடைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் என் கடைப் படி ஏறியதே இல்லை.

"மைக்கு எம்புட்டுத் தூரம் கேக்கும் வே?" என்றார்.

நான் வழக்கமான நக்கலோடு, "பனவடலிசத்திரம் வரைக்கும் கேக்கும் பாட்டையா" என்றேன். பனவடலிசத்திரம் எங்கே இருக்கிறது, பஸ்ஸில் போகிற ஊர். குழாய்ச் சத்தம் அதில் கால்வாசி தூரம்கூடப் போகாது.

அவர் சிரிக்கவில்லை. "அது போதும். அங்கன உள்ள ஒருத்தனுக்குக் கேக்கணும். ஒரு குழாய அந்தப் பக்கமாத் திருப்பிக் கட்டுதீரா?" என்று கேட்டார். பெரிய மனுஷன் கேட்கிறாரே என்று, திருநெல்வேலி ரோட்டில் இசக்கி டீக்கடைக்கு மேலே இருந்த வேப்பமரத்தில் கடைசிக் குழாயைப் பனவடலிசத்திரம் பக்கம் திருப்பிக் கட்டினேன். அது ஒன்றுதான் அந்த விழாவில் நான் செய்த நல்ல காரியம்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினராக வரவேண்டிய அரசியல் பிரமுகர் வரவில்லை. அவர் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? "அதுவரைக்கும் பாட்டையா ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார் பால்ராஜ் அண்ணாச்சி. யாருக்கு விழாவோ அவரை இடைவெளி நிரப்ப எழுப்பிவிட்டார்கள். அப்போது அது எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

செல்லத்துரை மைக் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, பழைய கோட்டு. மைக்கைப் பிடிக்கிற விதமே வேறு மாதிரி இருந்தது, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கீய. எனக்குச் சொல்லாதீய. பனவடலிசத்திரத்துல தங்கையான்னு ஒருத்தன் இருந்தான். பாளையங்கோட்டையில சேந்து படிச்சோம், சேந்தே பிளேன் ஓட்டப் போனோம். மேல பறக்கும்போது ரேடியோவுல ரெண்டு பேரும் நம்ம ஊருப் பேச்சுதான் பேசுவோம். வெள்ளக்காரன் ஏசுவான்."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து எவனோ, "பாட்டையா, பிளேன இங்கன எறக்கும்!" என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பு. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஒருநா பர்மா மலைக்கு மேல ஜப்பான்காரன் என் பொறத்தால வந்துட்டான். தங்கையா குறுக்க வந்து மறிச்சான். எனக்கு விழ வேண்டிய குண்டு அவன் வண்டியில விழுந்துச்சு. மேகத்துக்குள்ள போயிட்டான், கருவியெல்லாம் போச்சு, எந்தப் பக்கம் தெக்கு எந்தப் பக்கம் வடக்குன்னு தெரியல. 'கேக்குதா வே? நான் எங்கிட்டு வரணும்? கேக்குதா வே?'ன்னு ரேடியோவுல கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்குப் பெட்ரோல் தீந்துக்கிட்டு இருக்கு. பதில் சொன்னா அவனத் தேடித் திரும்பிருவேன், திரும்பினா நானும் ஊர் வந்து சேர மாட்டேன். அதனால நான்…"

அந்த நேரத்தில் பிரமுகரின் கார் வாசலில் வந்து நின்றது. பால்ராஜ் அண்ணாச்சி கையை விசிறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"ஏலே, அணைடா! வரவேற்புப் பாட்டப் போடு!"

"பாட்டையா பேசுதாரே அண்ணாச்சி."

"அவரு நாளைக்கும் இங்கனதானடா இருப்பாரு! அணைங்கேன்ல!"

அணைத்தேன். வால்யூமைக் குறைத்தால்கூடப் பரவாயில்லை, அவசரத்தில் மைக் ஒயரையே ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். உயிர் கொடுத்தவனைப் பற்றி ஒரு மனுஷன் நாற்பது வருஷத்துக்குப் பிறகு வாய் திறக்கிறான், கார் வந்துவிட்டது என்பதற்காக அவன் வாயை மூடியவன் நான். ரெக்கார்டில் முள்ளை வைத்தேன். பாட்டு ஒரு வரி ஓடியது, அப்புறம் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது.

கரண்டு போயிற்று. ஊரில் இருக்கிற தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. இன்னும் இருட்டவில்லை, ஆள் முகம் தெரிகிற வெளிச்சம். கூட்டம் காரைப் பார்க்க வாசல் பக்கம் நகர்ந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் நின்றது நான் ஒருவன்தான். செல்லத்துரை பேச்சை நிறுத்தவில்லை. செத்த மைக்கை உதட்டில் வைத்துக்கொண்டு, சொல்லவந்த வாக்கியத்தை முடித்தார்.

"அதனால நான் ரேடியோவ அணைச்சுட்டேன் தங்கையா. நீ கூப்பிடக் கூப்பிட அணைச்சுட்டேன்."

அப்போது வந்தது அந்தக் குரல். ரோட்டுப் பக்கத்திலிருந்து, வேப்பமரத்துக் குழாயிலிருந்து. குழாய்க் குரல் எது, ஆள் குரல் எது என்று தூக்கத்தில்கூட எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். சன்னமாக, கரகரப்போடு, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

"கேக்குது வே. சொல்லும்."

என் தாய் மேல் ஆணையாகச் சொல்கிறேன், கரண்டு இல்லை. பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்திருந்தேன். ஒயர் என் கையில் இருந்தது. ரேடியோ ஸ்டேஷன் விழுந்தது என்று சொல்லலாம் என்றால் ஆம்ப்ளிஃபயரில் விளக்கே எரியவில்லை, சும்மா ஒரு இரும்புப் பெட்டி. செல்லத்துரை திடுக்கிடக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், இடையிடையே நிறுத்தினார், தலையை ஆட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழாய்ச் சத்தமும் அதற்குப் பிறகு எனக்கு வார்த்தையாக விழவில்லை, நான் பக்கத்திலும் போகவில்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

பேசி முடித்துவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். ஒயரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன், திருட்டுப் பய மாதிரி. அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தோளில் கை வைத்தார்.

"நல்ல மைக்கு வே. அங்கன வரைக்கும் கேட்டுட்டு. ரொம்ப நன்றி."

நன்றி விழாவில் அவருக்கு நன்றி சொல்ல ஒருத்தன் இல்லை. அவர் எனக்குச் சொன்னார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. ஒரு வார்த்தை, "மன்னிச்சிருங்க பாட்டையா" என்று சொல்லியிருக்கலாம். அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மைதானத்தைத் தாண்டி நடந்து போய்விட்டார். அப்புறம் கரண்டு வந்தது, பிரமுகர் வந்தார், தன்னைப் பற்றியே நெடுநேரம் பேசினார். செல்லத்துரைக்காக வாங்கிய பொன்னாடையைப் போர்த்த ஆளைத் தேடினார்கள், நாற்காலி காலி. வாங்கியது வீணாகப் போகக்கூடாதே என்று பால்ராஜ் அண்ணாச்சி அதைப் பிரமுகருக்கே போர்த்திவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

மறுநாள் காலையில் வேப்பமரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க யோசித்து எனக்கு நானே சொல்லி முடித்திருந்தேன், பிரமை, வெட்கத்தில் காது கேட்ட பிரமை என்று. கீழே பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த இசக்கி அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"நேத்து கரண்டு போனப்ப உம்ம குழா மட்டும் எப்படி வே பேசுச்சு? பேட்டரியா?"

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "என்ன பேசுச்சு?"

"பாட்டையா பேசுனது பூராம் கேட்டுச்சே. அந்த இன்னொரு ஆளு யாரு வே? நல்ல எளவட்டக் கொரலு. பாட்டையா சொல்லச் சொல்ல 'ம், சொல்லும், ம், சொல்லும்'னு கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசில, 'அத விடும் வே, நீரு ஊரு போய்ச் சேந்தீரே, அது போதும்'னான். எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு."

எளவட்டக் குரல். தங்கையா போனபோது அந்த வயசுதானே இருந்திருக்கும்.

நான் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இசக்கி டீயை ஆற்றிக்கொண்டே, ஏதோ மறந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"உம்மகிட்டயும் என்னமோ சொன்னானே, கேக்கலையா?"

"எங்கிட்டயா?"

"ஆமா வே. எல்லாம் முடிஞ்ச பொறவு. 'மைக்செட்டுக்காரரே, யாரையும் பாதியில அணைச்சிராதேயும்'னு. கோவமாச் சொல்லல. தயவாத்தான் சொன்னான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் உறுத்தியிருக்காது. அந்த ஐப்பசியில் செல்லத்துரை போய்ச் சேர்ந்தார். இழவு வீட்டுக்குப் போனேன், கூட்டத்தோடு நின்றேன், அப்போதும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. நம்மை வாழவைத்துவிட்டுப் போனவர்களை நினைக்கிறோம் என்று மேடை போடுகிறோம், மாலை வாங்குகிறோம், அவர்கள் பேச ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்தக் குழாயை அதற்குப் பிறகு எந்த விழாவிலும் கட்டவில்லை. வீட்டுப் பரணில் வைத்தேன். கொஞ்ச காலம் பயத்தில் அதன் வாயில் சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்தேன். ஒருநாள் அதைப் பார்த்தபோது சுருக்கென்றது, இதுவும் அணைக்கிறதுதானே என்று. ஏறிப்போய் அவிழ்த்துவிட்டேன். இப்போதும் ஒயர் இல்லை, சத்தம் கொடுக்கிற யூனிட் இல்லை, வெறும் கூம்பு. கரண்டு போகிறபோதெல்லாம் நான் அதற்குக் கீழே போய் நிற்கிறேன். என் பெண்டாட்டி ஏசுவாள், "இங்கன என்னத்த நிக்கியரு?" என்பாள். 'கேக்குதா வே?' என்று யாராவது கேட்டால் அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.