குழாயடியில் படித்த பி.ஏ.

காலை ஐந்தேகாலுக்குக் குழாய் இருமும். முதலில் காற்று வரும், அடுத்து துருத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் குடிக்கிற தண்ணீர். தாராவியின் அந்தச் சந்தில் பதினோரு வீட்டுக்கு ஒரே குழாய். ஏழரைக்கு நின்றுவிடும். அந்த இரண்டேகால் மணி நேரத்தில்தான் ஹாஃபிஸா பி.ஏ. படித்தாள்.

படித்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவள் குடம் பிடித்தாள். படித்தவன் அவள் புருஷன் ஷாகிர். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துகொண்டு, மொபைல் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்து, பாங்கு சொல்கிறவன் மாதிரி இழுத்து இழுத்து வாசிப்பான். அவள் டிரம்முக்கும் குழாய்க்கும் நடந்தபடி கேட்டுக்கொள்வாள். நடுவில் அவன் குரல் தேய்ந்தால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அவள் ஈரக் கையை அவன் கழுத்தில் வைப்பாள். குரல் திரும்ப வந்துவிடும்.

இந்தக் கூத்துக்குக் காரணம் ஒரு கட்டம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அஞ்சல்வழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட சைபர் கடைக்குப் போனாள். இரண்டு வயது அஸ்ரின் அப்போது அவள் இடுப்பில் இருந்தாள். கடைக்காரன் தாய்மொழி என்ன என்று கேட்டான். தமிழ் என்றாள். எந்த மொழியில் படிக்கப் போகிறாய் என்று கேட்டான். அதுவும் தமிழ்தான் என்றாள். வீட்டில் பேசுகிற பாஷை, சண்டை போடுகிற பாஷை, அதில் படிப்பது சுலபமாகத்தானே இருக்கும்? அவன் திரையில் 'தமிழ்' என்ற கட்டத்தில் ஒரு தட்டு தட்டினான். முடிந்தது.

அவள் பிறந்தது இதே சந்தில். பத்தாவது வரை உருது பள்ளிக்கூடம், அதற்கு மேல் இங்கிலீஷ். தமிழில் அவள் வாழ்க்கையில் வாசித்தது கல்யாணப் பத்திரிகைகளும் ஜமாஅத் நோட்டீஸும் மட்டும்தான். பார்சலில் புத்தகம் வந்த அன்று பிரித்துப் பார்த்தாள். 'அதிகாரப் பரவலாக்கம்' என்ற ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. மாற்ற முடியுமா என்று போன் போட்டுக் கேட்டாள். பதிவு செய்தபின் மாற்ற விதி இல்லை என்றார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அது வசதி இல்லாதவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

ஷாகிர் கடையநல்லூரில் எட்டாவது வரை தமிழில் படித்தவன். பதினாறு வயதில் பம்பாய் வந்து பை தைக்கிற கார்கானாவில் தோல் வெட்டும் மேஜைக்குப் போனவன், இன்னும் அதே மேஜையில்தான் நிற்கிறான். அவன் வாசித்தான், அவள் காதால் படித்தாள். நாலைந்து மாதத்தில் சந்தே கேட்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு நுஸ்ரத் வரிசையில் இவளுக்கு அடுத்த நம்பர். இவளைவிட ஏழு வயது மூத்தவள். அவளிடமிருந்து எந்தப் பாடமும் தப்பாது.

"ஏளா ஹாஃபிஸா, இன்னிக்கு என்னத்த ஓதுதாரு ஒம் மாப்பிள்ள?"

"நகராட்சிக்குப் பதினெட்டு வேலை லாத்தா. சட்டத்துல எழுதி இருக்கு."

"அதுல தண்ணி உண்டா?"

"அஞ்சாவது."

"அதான பாத்தேன். நாலு வேலைய முடிச்சுட்டுதான் நம்ம சந்துக்கு வருவானுவ. சேரிய சீர் பண்ணுறது எத்தனையாவது?"

"பத்தாவது."

"அப்ப நம்ம மௌத்துக்குப் பொறவுதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஷாகிர் தலை தூக்காமல், "பேசாம கேளுங்க, பரீட்சைக்கு இதுதான் வருது," என்றான்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. இரண்டாம் வருஷத் தேர்வு எழுத வேண்டிய வாரத்தில் ரோஷன் பிறந்தான். அந்த வருஷம் அப்படியே போனது. அதன் பிறகு ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஒன்று மட்டும் நின்றது. உள்ளாட்சி நிர்வாகம். இரண்டு தடவை எழுதினாள். இருபத்தொன்பது, முப்பத்து மூன்று. நாற்பது வேண்டும். பாடம் தெரியாமல் இல்லை. கேட்டால் ஒப்பிப்பாள். கை ஓடவில்லை. ஒரு பக்கம் எழுத இருபத்தைந்து நிமிஷம். ஐந்து கேள்வியில் மூன்றை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆறு வருஷம்தான் கெடு. அதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்தாகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த டிசம்பர்தான் கடைசி. அவள் மாஹிம் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்துகிற பால்வாடியில் ஆயா. அங்கே பாடம் சொல்லித்தருவது பாதி நாள் அவள்தான். பொறுப்பாளர் ஸ்மிதா மேடத்துக்கு மீட்டிங், ரிப்போர்ட், போட்டோ. ஸ்மிதா மேடம் கெட்டவள் இல்லை. அவளே ஒரு நாள் சொன்னாள்: "ஹாஃபிஸா, டிகிரி கொண்டு வா. டீச்சர் போஸ்ட் தேரா, உனக்குத்தான். இல்லேன்னா ஜூன்ல வெளிய இருந்து ஆள் எடுப்பாங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது." வெளியிலிருந்து ஒருத்தி வந்தால், வந்தவளுக்கும் இவள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஆயாவாகவே இருந்துகொண்டு.

செப்டம்பரில் ஒரு நாள் நுஸ்ரத் மொபைலில் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹாஃபிஸா ஒரு பதிலை எழுதிக் காட்டினாள். நாற்பத்தெட்டு நிமிஷம்.

"நீ எழுதுதியா, எம்பிராய்டரி போடுதியா?" என்றாள் நுஸ்ரத்.

ஷாகிர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் பாடத்தைப் பற்றி அபிப்பிராயம் கிடையாது. வெட்டுவதைப் பற்றி உண்டு. தோலின் மேல் கோடு போடுகிற வெள்ளிப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

"இங்க பாரு புள்ள. 'மேற்கூறிய காரணங்களின் அடிப்படையில் நாம் காணும்போது.' இது என்னது? வேஸ்ட்டு. 'என்பது குறிப்பிடத்தக்கதாகும்.' இதும் வேஸ்ட்டு. ஒரு தோலுல எட்டுப் பை எடுக்கணும்னா மொதல்ல பேட்டர்ன வச்சுப் பாப்போம். மிச்சத்த வீசிருவோம். நீ தோலு பூராத்தையும் பையா தைக்கப் பாக்க."

"புஸ்தகத்துல அப்படித்தான் மச்சான் இருக்கு."

"புஸ்தகம் போட்டவனுக்கு எத்தனை மணி நேரம் குடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்."

மூன்று வாரத்தில் முழுப் புத்தகமும் வெள்ளிக் கோடாக மின்னியது. ஒரு பதிலுக்கு ஒன்றரைப் பக்கம், அதற்கு மேல் இல்லை. அவன் வெட்டி மிச்சம் வைத்ததை மட்டும் அவள் எழுதிப் பழகினாள். சோறு வேகும்போது, பால்வாடியில் பிள்ளைகள் தூங்கும்போது, அஸ்ரினின் ஹோம்வொர்க் நோட்டின் பின்பக்கத்தில். பின்பக்கமும் தீர்ந்ததும் அஸ்ரின் சண்டைக்கு வந்தாள். "உம்மா, இது என் நோட்! டீச்சர் கேக்குறாங்க, உங்க வீட்டுல யாரு படிக்கிறாங்கன்னு!"

"நான்தான்னு சொல்லு."

"சொன்னேன். ஹஸ்தீ ஹை, சிரிக்கிறாங்க."

நவம்பர் முடிவில் ஒரு பக்கம் இருபத்தொரு நிமிஷத்துக்கு வந்தது. மூன்று மணி நேரத்தில் ஐந்து பதிலும் எழுதிவிடலாம். எழுந்து கை உதற நேரம் இருக்காது.

தேர்வு பத்து மணிக்கு, செம்பூரில் ஒரு கல்லூரியில். அந்தச் சந்தில் பெண்களுக்குள் ஒரு முறை உண்டு. உன் பிள்ளையை நான் பார்த்தால் என் பிள்ளையை நீ பார்க்க வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. நுஸ்ரத்தின் இரட்டைப் பிள்ளைகளை ஹாஃபிஸா அக்டோபரில் நாலு நாள் பார்த்திருந்தாள். அஸ்ரின் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நாலு வயது ரோஷன் நுஸ்ரத்திடம். அப்படித்தான் பேச்சு.

அன்று காலை ஏழு மணிக்கு நுஸ்ரத் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பலூன் மாதிரி வீங்கியது. அவள் புருஷன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆட்டோவுக்குள்ளிருந்தும் அவள் கத்தினாள்: "ஏளா, மாப்பிள்ளைட்ட புள்ளையப் பாக்கச் சொல்லு! போவாம இருந்துறாத!"

ஷாகிருக்கு அன்றைக்கு டெலிவரி. சாயங்காலத்துக்குள் இருநூறு பை வெட்டி முடிக்க வேண்டும். பிள்ளையை அங்கே கூட்டிப்போகவும் முடியாது. கத்தி, தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. அவன் வாசலில் நின்று கார்கானாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் கத்தியது ஹாஃபிஸாவுக்கும் கேட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு, "என்ன பாக்க? செருப்பப் போடு," என்றான்.

மூன்று பேரும் சயான் வரை நடந்து பஸ் பிடித்தார்கள். உட்கார இடம் இல்லை. அவள் வாய்க்குள் பதினெட்டு வேலையையும் சொல்லிக்கொண்டே நின்றாள். ரோஷன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.

வாட்ச்மேன் பிள்ளையோடு கேட்டுக்குள் விடவில்லை. ஷாகிர் வெளியே நடைபாதையில் நின்றான். அவள் உள்ளே போய் நம்பர் தேடி உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே ரோடு. அவள் இடம் ஜன்னலோரம்.

முதல் கேள்வி தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. வெள்ளிக் கோடு விழாத வரிகள் கண்ணுக்குள் வந்தன. மூன்றாவதை முடித்து மணி பார்த்தாள். பதினொன்று ஐம்பது. முன்னால் இந்த இடத்தில்தான் தோற்றாள். இந்தத் தடவை கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

அப்போது ரோஷன் அழ ஆரம்பித்தான்.

எந்த அழுகை தன் பிள்ளையுடையது என்று தாய்க்குச் சொல்லவேண்டியதில்லை. முதலில் சிணுங்கல். பிறகு மூச்சு முட்டுகிற அழுகை. "உம்மா!" என்று தனியாகக் கேட்டது. பேனா நின்றது. நாலாவது பதிலின் முதல் வரி தலைக்குள் இருந்தது, இரண்டாவது வரி போய்விட்டது. ஷாகிர் ஏதோ சொல்வது கேட்டது, வாட்ச்மேன் ஏதோ கத்துவது கேட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டாள். அன்றைக்கு அவள் செய்ததில் அதுதான் பெரிய காரியம். யாரும் பார்க்கவில்லை.

நாலாவது கேள்வி: நகர்ப்புற உள்ளாட்சிகள் எதிர்கொள்ளும் பிரச்சினைகளை விளக்குக. அவன் வெட்டி மிச்சம் வைத்த வரி ஒன்றும் வரவில்லை. தலைக்குள் அழுகைதான் இருந்தது. அவள் பேனாவைத் தாளில் வைத்து, குழாயடியில் பேசுகிறதை எழுதினாள். பதினோரு வீட்டுக்கு ஒரு குழாய். நேரம் இரண்டேகால் மணி. தண்ணீர் சட்டத்தில் ஐந்தாவது வேலை, எங்கள் சந்தில் அதற்கு முந்தின நாலும் நடக்கவில்லை. வார்டு கமிட்டிக்கு நாங்கள் போனால் யாரும் எங்களை உட்காரச் சொல்வதில்லை. சாக்கடை மூடி உடைந்தால் மூன்று ஆபீஸ், மூன்றும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டும். எழுத எழுத நிற்கவில்லை. சரியா தப்பா என்று பார்க்கவில்லை. ஐந்தாவதும் அப்படியே போனது. அழுகை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தபோது முழங்கை வரை மரத்திருந்தது.

வெளியே ஷாகிர் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்றான். ரோஷன் அவன் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க எச்சில்.

"ஏன் மச்சான் அப்படி அழுதான்?"

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"செம்பூருக்கே கேட்டிருக்கும்."

"ஒண்ணுக்கு வந்துட்டு அவனுக்கு. வாட்ச்மேன் உள்ள விடல. செவத்துல போடான்னேன், உம்மா அடிப்பான்னு அழுவுதான். நீதான பழக்கி வச்சிருக்க."

அவள் சிரிக்க நினைத்தாள், வரவில்லை. அவன் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது.

டெலிவரி நாளில் வேலைக்குப் போகாததற்கு ஷாகிருக்கு அந்த வாரம் மேஜை போய் பசை தடவுகிற வேலை. அடுத்த வாரம் மேஜை திரும்ப வந்தது. அவன் அளவுக்கு வேஸ்ட் இல்லாமல் வெட்ட வேறு ஆள் இல்லை.

ரிசல்ட் பிப்ரவரியில் ஒரு மத்தியானம் மொபைலில் வந்தது. நாற்பத்து மூன்று. ஸ்மிதா மேடத்திடம் காட்டினாள். "அரே வா!" என்று மேடம் கட்டிப்பிடித்தாள். பிறகு, ஜூனுக்கு மார்க்‌ஷீட் ஒரிஜினல் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்றாள். ஒரிஜினலுக்கு எங்கே எழுத வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று ஹாஃபிஸா கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு, தட்டுகளைக் கழுவினாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டுச் சும்மா படுத்தாள்.

கண் திறந்தபோது வாசலில் வெயில். ஏழே முக்கால். குழாய் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிரசவ நாட்கள் போக, ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் தண்ணீரைத் தவறவிட்டதில்லை. பிரசவத்துக்கு முந்தின நாள் காலையிலும் குடம் தூக்கினவள். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடி டிரம் மூடியைத் தூக்கினாள். கழுத்து வரை தண்ணீர். இரண்டு டிரம்மும். சமையல் குடம் நாலும்.

எதிர்வீட்டு வாசலில் நுஸ்ரத் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிசம்பரில் முறிந்த கணுக்காலில் இன்னும் கட்டு.

"எந்திச்சிட்டியா, பி.ஏ.? ஒம் மாப்பிள்ள எழுப்ப வேண்டாம்னுட்டாரு. அவரும் அஸ்ரினும் வரிசைல நின்னாங்க. மிச்சத்த நாங்க ஆளுக்கு ஒரு குடம் ஊத்துனோம்."

"லாத்தா…" என்றாள் ஹாஃபிஸா.

"என்ன லாத்தா? சும்மா ஊத்துனோம்னு நெனச்சியா? நாளைக்கு எனக்கு ரெண்டு டிரம் நீதான் பிடிக்கணும். இந்தக் காலோட என்னால முடியாது." கீரைத் தண்டைச் சாக்கடையில் எறிந்தாள். "ஷாகிர்ட்ட சொல்லு, நாளைக்கும் ஏதாவது வாசிக்கணும். சும்மா நின்னா வரிசை நகரவே மாட்டேங்குது."

ஹாஃபிஸா டிரம்மை மூடினாள். பால்வாடிக்கு நேரமாகிவிட்டது. உள்ளே ரோஷன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.