வின்சன்ட் அடித்த கோல்

படம் மோசம். அதை முதலிலேயே சொல்லிவிடலாம். மன்னாரில் நடந்த ஒரு கல்லூரி உதைபந்தாட்ட இறுதிப்போட்டியை வைத்து, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கனடாவின் மொன்றியல் குளிரில் எடுத்தார்கள். மன்னார் வெயிலில் ஓடும் வீரர்களின் வாயிலிருந்து புகை வருகிறது. கதாநாயகன் கிறகரி, அந்தப் போட்டியில் உண்மையாகவே விளையாடியவர். வசனம் பேசும்போது வகுப்பில் தண்டனைக்கு எழும்பி நிற்பவர்போல நிற்பார். ஓடும்போது மட்டும் அவரை நம்பலாம்.

பிறகு அவரை யாரும் நடிக்கக் கேட்கவில்லை. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் குடியிருந்துகொண்டு ஒரு பேக்கரியில் மா குழைத்தே காலம் போனது. அந்தப் படத்தை ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் மீண்டும் போடப்போகிறார்கள் என்றபோது அவருக்கு வெட்கம் மட்டுமே வந்தது. ரொறன்ரோவிலிருந்து, அதே அணியில் விளையாடிய வின்சன்ட் தொலைபேசியில், “வாறன் மச்சான், நான் இன்னும் பாக்கேல்லை” என்ற பிறகுதான் நித்திரை கெட்டது.

போட்டியில் வெற்றிக் கோலை அடித்தது வின்சன்ட். படத்தில் அடிப்பது கிறகரி. கதாநாயகன்தான் அடிக்கவேண்டும் என்று இயக்குநர் சொன்னபோது கிறகரி தலையாட்டியிருந்தார்.

“படத்துக்கு முன்னமே சொல்லிப்போடுங்கோவன்” என்றார் மனைவி கிறேஸ்.

“என்னெண்டு சொல்லுறது? களவெடுத்தனான் எண்டோ?”

அவர் சொல்லவில்லை. மண்டபத்தில் வின்சன்ட் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து றோல்ஸ் சாப்பிட்டார். “டேய், இது மன்னாரோ, வடதுருவமோ?” என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கிறகரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையில் கடைசி நிமிடங்கள் தொடங்கியதும் எழும்பி, கணினியில் படம் போட்டுக்கொண்டிருந்த றெக்ஸிடம் நிறுத்தச் சொன்னார்.

“வின்சன்ட், இனி வாறது பொய். அந்தக் கோல் உன்ரை. நான் அடிக்கிற மாதிரி எடுத்தவங்கள். நான் மறிக்கேல்லை.”

வின்சன்ட் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“அட, இதுக்கோ இவ்வளவு நேரமும் வேர்த்துக்கொண்டிருந்தனீ? அண்டைக்கு நான் தந்த பந்தெல்லாத்தையும் வெளியால அடிச்சனீ. படத்திலையாவது உள்ளுக்க அடியன். றெக்ஸ், போடும் தம்பி!”

பெரிய சிரிப்பு. படம் ஓடியது. கிறகரி திரையைப் பார்க்கவில்லை, வின்சன்டின் முகத்தையே பார்த்தார். பந்து வலைக்குள் போனதும் மண்டபம் கைதட்டியது. வின்சன்டும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.