பஜனை மெட்டில் படித்த இங்கிலீஷ்

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் பேக்டரியில் எனக்கு வேலை. வேலை என்றால் தூக்குகிற வேலை. வாடிய கொழுந்தைச் சாக்கில் கட்டி மாடியிலிருந்து இறக்க வேண்டும், தூளைக் காய வைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு சுமக்க வேண்டும், கடைசியில் தூள் பெட்டியை லோரியில் ஏற்ற வேண்டும். அப்போது எனக்கு வயது முப்பத்து நாலு. காலையில் பாயை விட்டு எழுந்திருக்கும்போது மட்டும் அறுபது.

ஒரு நாள் விறகுக் கட்டோடு குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இனிமே பத்து காட்டிக்கு மேல தூக்குன, படுத்துருவ. அப்புறம் என்னைய வந்து கேக்காத” என்றார். பத்து காட்டி என்றால் ஆறு கிலோதான். தூக்காமல் எனக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? பூச்சிமருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மலையில் தேயிலைக்கு அடிக்கப் போகலாம். அது இதைவிட மோசம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

அந்த நேரத்தில்தான் புது டிரையர் வரப்போகிறது என்று பேக்டரியில் கணக்கு எழுதுகிற கிராணி சொன்னார். அதை ஓட்ட ஒரே ஓர் ஆள் வேண்டும். தூக்குகிற வேலை கிடையாது, நின்று பார்த்துத் திருப்புகிற வேலை. ஆனால் மெஷின் முழுக்க இங்கிலீஷ். ஈப்போவிலிருந்து இஞ்சினியர் வந்து பழைய டிரையர் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாராம். கிராணி நாலு பேர் பெயரை எழுதிக்கொண்டார். முதுகைக் காட்டிக் கெஞ்சி நானும் ஒருவனாக உள்ளே நுழைந்துவிட்டேன்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறிப் போய் ஒரு நோட்டும் சின்ன அகராதியும் வாங்கி வந்தேன். கிராணியிடமிருந்த மெஷின் புத்தகத்தைக் கடன் வாங்கி, அதில் இருந்த வார்த்தைகளை வரிசையாக எழுதினேன். பேன், பெல்ட், பேரிங், கிரேட் என்று நூற்று இருபது வார்த்தை. பக்கத்தில் தமிழில் அர்த்தம். இனி என்ன, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். வேலை முடிந்து வந்து நோட்டைத் திறந்தால் மூன்றாவது வார்த்தையில் கண் சொக்கிவிடும். நெஞ்சின் மேல் நோட்டு, வாய் திறந்தபடி நான். என் மனைவிதான் நோட்டை எடுத்து வைப்பாள். அவளும் காலை முதல் கொழுந்து பறித்து வந்தவள். பாவம், அவளுக்கு மட்டும் தூக்கம் வராதா?

இரண்டு வாரம் போனது, இருபது வார்த்தைகூடத் தலையில் நிற்கவில்லை. அப்புறம்தான் அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவன் நான். ஒரு வரியை நான் எடுத்துக் கொடுப்பேன், கூட்டம் திருப்பிச் சொல்லும். எத்தனையோ பாட்டு எனக்கு மனப்பாடம், ஒன்றையும் உட்கார்ந்து படித்ததில்லை. அப்படியானால் இதையும் பாடிவிட்டால் போச்சு! வரிக்கு ஐந்து வார்த்தையாக இருபத்து நாலு வரி கட்டினேன். சாயங்காலம் கைகால் கழுவியதும் நான் பாட, மனைவியும் பிள்ளைகளும் திருப்பிச் சொல்வார்கள். சின்னவள் தட்டைத் தட்டித் தாளம் போடுவாள். பக்கத்து வீட்டுக்காரர், “இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லலா, ஒங்க வீட்ல என்னா பஜன? எந்த சாமி அது, பேரிங் சாமியா?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரே மாதத்தில் நூற்று இருபதும் தடையில்லாமல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேக்டரியில் டிரையர் வாயில் சிந்துகிற தூளையும் மேலே படிகிற பஞ்சுத் தூசியையும் கூட்டி அள்ளுகிற ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது, சம்பளத்துக்குக் கைநாட்டு. விறகோடு நான் முணுமுணுத்துக்கொண்டு போகும்போது பாதிப் பாட்டில் நிறுத்தி, “அது எங்கண்ணே இருக்கு, காட்டுங்க” என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே. “ஒனக்கெதுக்கும்மா இதெல்லாம், தூசிய கூட்டு” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இஞ்சினியர் வந்து நின்றார். பரீட்சைக்கு அல்ல, புது மெஷினுக்கு இடம் அளக்க. பழைய டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார், அடுப்புக்கு விறகு போட்டபடி நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். திடீரென்று கருகுகிற வாடை வந்தது. எட்டிப் பார்த்தால் டிரையருக்குள் படிந்திருந்த தூசியில் நெருப்பு பிடித்திருந்தது. இஞ்சினியர் சுவர்ப் பக்கம் பேன் சுவிட்சை நிறுத்த ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, டேம்பரை மூடு, டேம்பரை மூடு என்று இங்கிலீஷில் கத்தினார்.

டேம்பர். எனக்குத் தெரியும்! சத்தியமாகத் தெரியும். ஒன்பதாவது வரியில் நாலாவது வார்த்தை. ஆனால் ஒன்பதாவது வரிக்குப் போக வேண்டுமானால் எட்டு வரி பாடியாக வேண்டும். நெருப்பு முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள் முதல் வரியை ஆரம்பித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? உதடுகூட அசைந்ததாம், பிறகு சொன்னார்கள். அந்த டேம்பர் தகடு எனக்குத் தினமும் கண்ணில் பட்டதுதான். சூட்டுக் காற்று டிரையருக்குள் வருகிற குழாயை அடைக்கிற தகடு, நாங்கள் அதை அடைப்பு என்போம். நோட்டில் இருந்த டேம்பரும் கண்ணெதிரே இருந்த அடைப்பும் எனக்குள் ஒட்டவே இல்லை.

கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்த அவள்தான் துடைப்பத்தை வீசிவிட்டு ஓடி வந்தாள். கைப்பிடி நெருப்பாகக் கொதித்தது. வெறும் கையால் பிடித்து இழுத்து மூடினாள். பேனும் நின்றது, காற்று இல்லாமல் நெருப்பு உள்ளேயே அடங்கியது. மூன்று தட்டுத் தூள் கருகியதோடு போயிற்று. அவளுடைய வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இஞ்சினியர் கிராணியைப் பார்த்து இது யார் என்று கேட்டார். கூட்டுகிற பெண் என்று கிராணி சொன்னார். அப்புறம் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பரீட்சை என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் பத்து மணித் தேநீர் நேரத்தில் அவளிடம் போனேன். கட்டுப் போட்ட கையோடு இடது கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பதினோரு வருசமா இங்கதான கூட்டுறேன்? மெஷின் ரிப்பேருக்கு வர்ற பிட்டரு இங்கிலீசுலதான் கத்துவாரு. தப்பானத தொட்டா திட்டுவாரு, சரியானத தொட்டா பேசாம இருப்பாரு. அப்படியே தெரிஞ்சிக்கிட்டது. நீங்க நல்லாத்தான் பாடுறீங்க அண்ணே. ஆனா மெஷினுக்கு பாட்டு கேக்காதுலா.”

எனக்கும் கற்றுக் கொடு என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன், வேறு வழி இல்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, “மொதல்ல அந்த புக்க மூடுங்க” என்றாள்.

அந்த ஆறு நாளும் எங்கள் தேநீர் நேரம் இப்படித்தான் போனது. அவள் ஒரு வார்த்தையைச் சொல்வாள், நான் ஓடிப் போய் அந்தச் சாமான் மேல் கை வைக்க வேண்டும். வரிசை கிடையாது. மேலே ஒன்று, கீழே ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்பாள். தப்பாகத் தொட்டால் துடைப்பக் கட்டையால் தகரத்தில் ஒரு தட்டு. பாட்டு நாக்கு நுனிக்கு வந்தால் கண்டுபிடித்துவிடுவாள், “பாடுறீங்க, பாடுறீங்க” என்பாள். தொட்டதும் அது எதற்கு, நின்று போனால் என்ன ஆகும் என்று நான் தமிழில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாத புது மெஷின் வார்த்தைகளைப் புத்தகத்துப் படத்தில் நான் காட்டுவேன். உடனே “இது என்னா பண்ணும்?” என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. கிராணியிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்து சொல்வேன். ஒரு தடவை சொன்னால் போதும், அவள் மறக்கவே மாட்டாள். எனக்கு மூன்று தடவை வேண்டும். முதுகு விண் விண் என்று தெறிக்கும், மெஷினைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கால் வலிக்கும். வலிக்கிறதே என்று உட்கார்ந்தால், தன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் எழுந்துவிடுவேன்.

பரீட்சை நாள் வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். மூன்று பேருமே என்னை மாதிரி வரிசையாக மனப்பாடம் செய்தவர்கள், குறுக்கே கேட்டதும் முழித்தார்கள். என் முறை வந்ததும் இஞ்சினியர் டேம்பரில்தான் ஆரம்பித்தார். கை தானாகப் போனது. கிரேட் என்றார், பேரிங் என்றார், எக்ஸாஸ்ட் என்றார். என் கை போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். டிரையருக்கு அந்தப் பக்கம் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். இஞ்சினியர் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் அவளுடைய கட்டுப் போட்ட கை இடுப்புக்குப் பக்கத்திலேயே கொஞ்சமாக எழும்பி அந்த இடத்தைக் காட்டியது. எனக்கு உதவி செய்ய அல்ல, அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் என் கை போவதற்கு முன்னால் அவள் கை போய்விட்டது. கடைசியாகக் கேட்ட இரண்டு வார்த்தைகளுக்கு நான் தடுமாறினேன், அவள் தடுமாறவில்லை.

இஞ்சினியர் புத்தகத்தை மூடிவிட்டு, நன்றாகச் செய்தாய், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். அதோ நிற்கிறாளே, அவள்தான், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதும். கையை நீட்டிக் காட்டியிருந்தால்கூடப் போதும், வார்த்தையே வேண்டாம். ஆனால் இருப்பது ஒரே ஒரு வேலை. அவளுக்கு முதுகு நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். இப்படி எத்தனை கணக்கு அந்த ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது! “நானே படிச்சேன், சார்” என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, “சந்தோசம் அண்ணே, முதுகு தப்பிச்சிச்சி” என்று சிரித்தாள். நான் சொன்ன பதில் அவள் காதில் விழுந்ததா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை. எண்பதுகளில் முக்கால்வாசியும் அந்த டிரையரை நான் ஓட்டினேன், அவள் அதன் வாயில் கூட்டினாள். மெஷினில் ஏதாவது சத்தம் மாறினால் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். கண்ணாலேயே இடத்தைக் காட்டுவாள், நான் போய்த் திருப்புவேன். சம்பளம் எனக்கு, கைநாட்டு அவளுக்கு.

பேத்தி இப்போது தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். இந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எப்படித் தாத்தா மனசில் வைப்பது என்று கேட்டாள். புத்தகத்தை மூடு, சாமானைத் தொடு, அது என்ன செய்யும் என்று யாரிடமாவது சொல்லிப் பார், வரிசையாக மட்டும் படிக்காதே என்றேன். நல்லா இருக்கே, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை சொல்லிவிட்டேன். ஆனால் கேட்க வேண்டிய அந்த இஞ்சினியர் இல்லை, கேட்டுச் சந்தோஷப்பட, சொல்லிக் கொடுத்த அவளும் உயிரோடு இல்லை.